அம்மாவின் பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டைத் தேடி அலைந்த கதை

அம்மாவுக்குக் கல்லீரலில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. ஊசியைச் செருகி ரேடியோ அலைச் சூட்டில் பொசுக்கிவிடலாம் என்றார் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாங்கள் பார்த்த டாக்டர். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அனுமதி மூன்றே நாளில் வந்துவிட்டது.

ஆனால் கட்டி பெருங்குடலை ஒட்டி இருந்தது. சூடு குடல் சுவரில் பட்டால் ஓட்டை விழலாம், அது சில நாள் கழித்துத்தான் தெரியவும் வரலாம். அதனால் முதலில் இரண்டுக்கும் நடுவில் திரவத்தை இறக்கிக் குடலைத் தள்ளிவைப்பார்களாம். "வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஏதாவது?" என்று கேட்டார். 2019இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பித்தப்பையை எடுத்தோம் என்றேன். அதனால் உள்ளே குடலும் கல்லீரலும் ஒட்டிப்போயிருந்தால் திரவம் பிரிக்காது, அந்த ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும் என்றார்.

டர்பனின் ஒரு பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து என்3 சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் அந்தப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் எங்கே?" என்றார் கிளார்க். நான் மகள் என்று அடையாள அட்டையைக் காட்டியும் பலனில்லை. முந்தின நாள் போனில் கேட்டபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுபடி கடிதம், இரண்டு பேரின் அட்டை நகல்களோடு போனேன். "ஃபைல் கிடங்கில் இருக்கிறது, அடுத்த வாரம் வாங்க." நான் நகரவில்லை. மூன்று மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்த அம்மாள் தானே போய் எடுத்து வந்தார். இரண்டே பக்கம். அதில் ஒரு வரி: வீக்கத்தால் குடல் கல்லீரலோடு ஒட்டியிருந்தது, பிரித்தெடுத்தோம். அதைப் படித்துவிட்டு டாக்டர், முதலில் திரவம் விட்டுப் பார்ப்பேன், குடல் விலகாவிட்டால் சுடமாட்டேன் என்றார்.

விலகியது! முடிந்ததும் ஸ்கேன் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கல்லீரலுக்கும் குடலுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கருப்புப் பட்டை. அதுதான் திரவம்.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் 5% டெக்ஸ்ட்ரோஸ் விட்டார்கள். அது சர்க்கரைத் தண்ணீர். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதை முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லியிருந்தேன், அடிக்கடி சுகர் பார்த்தார்கள். உங்கள் வீட்டிலும் நீரிழிவு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

அன்று ராத்திரி அம்மா வலது தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காய்ச்சல் வந்தாலோ வயிற்றுவலி கூடினாலோ உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டரோடு நின்றேன், ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன்.