வரிசை

கணக்கு சார் போய்விட்டார் என்ற செய்தி நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது டொராண்டோவில் நள்ளிரவு, லண்டனில் விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. முதல் பதில், "ஆழ்ந்த இரங்கல்". இரண்டாவது பதில், "24சி3". அதற்கப்புறம் அரை மணி நேரம் யாரும் எதுவும் போடவில்லை. குழுவுக்குப் புதிதாக வந்த ஜூனியர்கள் அதை ஏதோ பஸ் நம்பர் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

29சி ஸ்டாப்புக்குப் பின்சந்தில் இருந்த வீடியோ கேம் கடையை இந்தச் சங்க மலரில் விளக்க வேண்டியதில்லை. அதைத் தெரியாதவர்கள் நூலகத்தில் இருந்தவர்கள். இன்று சங்கத்துக்கு அதிகம் நன்கொடை தருபவர்களும் அவர்களே. கடையில் நாலு பொட்டி. ஓரத்தில் இருந்ததில்தான் கூட்டம். கேசட் மாற்றிய அன்று பொட்டியைப் போட்டதும் 'மேக்ஸ் 330 மெகா ப்ரோ-கியர் ஸ்பெக்' என்று திரையில் வரும். அதற்கு அர்த்தம் எவனுக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து படிப்போம்.

கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். ஒசாகாவின் எஸ்என்கே நிறுவனம் 1994-இல் கொண்டுவந்தது. அதுவரை சண்டை கேம் என்றால் ஒருத்தனுக்கு ஒருத்தன். இதில் மூன்று பேருக்கு மூன்று பேர். தன் பழைய கேம்களில் இருந்த டெர்ரி, ரியோ, ரால்ஃப், அதீனா எல்லோரையும் ஒரே களத்தில் இறக்கியது கம்பெனி. முதல் ஆண்டில் 8 அணி, 24 ஆள். அணியைப் பிரிக்க முடியாது. டெர்ரி வேண்டுமென்றால் ஆண்டியையும் ஜோவையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும், ரேஷன் கடையில் சர்க்கரையோடு வேண்டாததையும் தலையில் கட்டுவதுபோல. 95-இல் டீம் எடிட் வந்தது. எந்த மூன்று பேரையும் சேர்க்கலாம். சந்தில் அன்றுதான் நிஜமான சண்டை தொடங்கியது. அடிதடி திரையில் குறைவு, திரைக்கு வெளியே அதிகம்.

ஏனென்றால் டோக்கன் ஒன்றரை ரூபாய். மூன்று பேர் ஆளுக்கு ஐம்பது பைசா போட்டு, ஆளுக்கு ஒரு ஆள் ஆடுவதுதான் வழக்கம். ஒருத்தன் தோற்றால் அடுத்தவன் ஹேண்டிலைப் பிடிப்பான். ஜெயித்தவன் நின்று ஆடுவான். திரையில் அவன் ரத்தக் கோடு கொஞ்சம் ஏறும், முழுக்க ஏறாது. இப்போது யோசித்துப் பாருங்கள். முதலாமவன் கெட்டிக்காரனாக இருந்து எதிர் அணி மூன்று பேரையும் அவனே முடித்துவிட்டால், மூன்றாமவனின் ஐம்பது பைசா போயே போச்சு. அவன் ஹேண்டிலைத் தொடக்கூட மாட்டான். தன் அணி ஜெயிக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் பையனை வேறு எந்த விளையாட்டிலும் பார்க்க முடியாது.

திரையிலும் அப்படித்தான். ஒருத்தன் ஆடும்போது மற்ற இருவரும் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நம் ஆள் மயங்கி நிற்கும்போதோ எதிராளியின் பிடியில் மாட்டியிருக்கும்போதோ மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கினால், சில சமயம் பின்னால் நிற்பவன் குதித்து வந்து ஒரு அடி கொடுத்துவிட்டுப் போவான். சில சமயம் வரமாட்டான்.

இனி சார். பிளஸ் ஒன், வரிசை மாற்றமும் சேர்மானமும் நடக்கிற வாரம். கடைசி பீரியடில் நான்கு பெஞ்ச் காலி. சார் நேராகச் சந்துக்கு வந்தார். யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கிற நிலைமையிலும் இல்லை: நம் அணி மூன்று பேரையும் பக்கத்துப் பள்ளிப் பையன் ஒருத்தன், இயோரி என்ற ஒரே ஆளை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைவிடப் பெரிய அவமானம் அந்தச் சந்தில் கிடையாது. சார் கடைசி அடி வரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு அடிக்கவில்லை, திட்டவில்லை. "பெரிய ஆளை எதுக்குடா மொதல்ல விட்டீங்க?" என்றார்.

மறுநாள் கரும்பலகை. தோற்ற அணியின் கேப்டனை எழுப்பினார். "24 பேர்ல இருந்து 3 பேர் அணி எத்தனை விதமா எடுக்கலாம்?" அவன் 24 × 23 × 22 என்று பெருக்கி 12,144 என்றான். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "இது வரிசைடா. நான் கேட்டது அணி. ஆறால வகு." 2,024 வந்தது. அதைத்தான் கணக்கில் 24சி3 என்று எழுதுவார்கள். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா அந்தக் கடையில உன் விடைதான் சரி. நேத்து அங்க தெரிஞ்சிருக்கணும்." அந்தக் கேப்டன் வாழ்நாள் முழுவதும் 24சி3 ஆகிப்போனான். முதல் கேம் வந்து முப்பது ஆண்டு நிறைந்தது 2024-இல். சாரிடம் இதைச் சொல்லியிருந்தால், தற்செயலுக்கு மார்க் கிடையாது என்றிருப்பார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது 98 கேசட்டில்தான் புரிந்தது. கதை எதுவும் இல்லாமல் சண்டைக்கென்றே செய்தது. இன்றும் உலகம் ஆடுவது பெரும்பாலும் இதையும், 97-ஐயும், 2002-ஐயும்தான். 98-இன் அட்வான்ஸ்ட் என்ற ஆட்ட முறையில் முதலாமவன் 3 பவர் வரை சேர்க்கலாம், இரண்டாமவன் 4, கடைசி ஆள் 5. செலவாகாத பவர் அடுத்தவனுக்குப் போகும். பெரிய அடிக்கு ஒன்று, மேக்ஸ் ஏற்றி கொஞ்ச நேரம் அடியின் பலத்தைக் கூட்ட ஒன்று, தடுத்துக்கொண்டிருக்கும்போதே சி, டி பட்டன்களைச் சேர்த்து அமுக்கி எதிராளியைத் தள்ளிவிட ஒன்று. ஆகவே பவர் இல்லாமலே பிழைக்கத் தெரிந்தவன் முதலில் போக வேண்டும்; அவன் வேலை சம்பாதிப்பது. பவர் இருந்தால்தான் பயமுறுத்துகிறவன் கடைசியில். அவசரக்காரன் தனக்குப் பிடித்த ஆளை முதலில் விட்டு, கையில் பவரே இல்லாமல் அவனை இழப்பான். நம் அணி வருடக்கணக்கில் செய்தது அதைத்தான்.

இன்னொரு சூட்சுமம் குட்டித் தாவல், 96-இல் வந்தது. ஹேண்டிலை மேல்மூலைக்குத் தட்டிவிட்டு உடனே விட வேண்டும். உட்கார்ந்து தடுப்பவனுக்கு மேலிருந்து அடி விழும். உயரம் குறைவு என்பதால் பார்த்துத் தடுக்க நேரம் இருக்காது. பிடித்துக்கொண்டே இருந்தால் அது முழுத் தாவலாகிவிடும், வானத்திலேயே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நம் கடையின் இடதுபக்க ஹேண்டிலில் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. கை விட்டாலும் அது நடுவுக்கு மெதுவாகத்தான் வரும். எனவே அந்தப் பக்கம் குட்டித் தாவல் கிடையாது. மூலைக்கு இரண்டு மைக்ரோசுவிட்ச் ஒன்றாக அமுங்க வேண்டும். அதில் ஒன்றின் தகடும் வளைந்திருந்ததால், ஹேண்டிலைக் கீழிருந்து பக்கவாட்டுக்கு வளைத்துக் கால்வட்டம் போட்டால் பாதிதான் எடுக்கும். விவரமானவன் அங்கே லியோனாவை எடுப்பான். பின்னால் இழுத்துப் பிடித்து முன்னால் தள்ளினால் போதும், மூலையே வேண்டாம். ஸ்பிரிங்கும் சுவிட்சும் ரிச்சி தெருவில் கிடைக்கும் பொருள்கள். கடைக்காரர் கடைசி வரை வாங்கவில்லை.

உருளுவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வருடச் சந்திப்பில் நம்மவர்கள் எல்லோரும் உருண்டுகொண்டே இருந்தார்கள். ஏ+பி போட்டு உருண்டால் அடி படாது. ஆனால் பிடி விழும். பக்கத்தில் வந்து உருளுகிறவனை ஜூடோக்காரர் டைமோன் தூக்கிப் போடுவார். இது 1998-லேயே தெரிந்த விஷயம், தோழர்களே.

எஸ்என்கே 2001-இல் திவாலாகி, பிறகு வேறு பெயரில் எழுந்து, இன்றும் புதுப்புது பாகம் விடுகிறது. 15-ஆம் பாகம் 2022-இல் வந்தது. பார்க்க அழகு. நம்மவர்கள் இரண்டு வாரம் ஆடிவிட்டு 98-க்குத் திரும்பினார்கள். சனிக்கிழமைகளில் இணையத்தில் ஆடுகிறோம். ஒரு நொடிக்குத் திரையில் ஏறத்தாழ 60 படம், அதாவது 60 ஃப்ரேம். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் சிக்னல் போய்வர 200 மில்லி செகண்ட் ஆனால் 12 ஃப்ரேம். குட்டித் தாவலைத் தடுக்க அவ்வளவு நேரம் கிடையாது. ரோல்பேக் என்ற ஏற்பாடு, எதிராளி போன ஃப்ரேமில் அமுக்கியதையே இப்போதும் அமுக்குவான் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறது. ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்திக்கொள்கிறது. தூரம் அதிகமானால் திருத்தம் கண்ணில் தெரியும். அடித்துவிட்டோம் என்று நினைத்தவன் திடீரென்று அடிபட்டுக் கிடப்பான்.

பழைய அணியில் இருவர் வெளிநாடு வந்தோம். எப்போதும் கடைசியில் ஆடியவன் சென்னையிலேயே இருக்கிறான். ஒருத்தராவது இருக்கட்டும் என்றுதான் இருக்கிறான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அவன் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. சாரின் வீட்டுக்கு அவன்தான் போனான். நம் பேட்ச்சில் வேறு யாரும் வரவில்லையா என்று சாரின் வீட்டம்மா கேட்டார்களாம். வெளியூரில் இருக்கிறார்கள் என்றானாம்.

மாலைக்கும் மற்றதுக்கும் நாங்கள் இருவரும் பணம் அனுப்பியிருந்தோம். இரண்டு நாள் கழித்து ஆளுக்கொரு தொகை திரும்பி வந்தது, கூடவே கணக்கும்: மாலை, ஆட்டோ, பேப்பர் விளம்பரம். கூட்டி, கீழே கோடு போட்டு, மூன்றால் வகுத்திருந்தான்.