முகம் தெரியாத படங்கள்

பெண்கள் இயக்கத்தைப் படமெடுப்பது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பதாகையும் முழக்கமும்தான். சிகாகோவின் பில்சன் பகுதியில் நான் எடுத்தவற்றில் அவை குறைவு. மடக்கு நாற்காலிகளை விரிக்கும் கைகள், பெரிய பாத்திரத்தில் வேகும் தமாலே என்ற மெக்சிக மக்காச்சோளப் பண்டம், மூலையில் வண்ணம் தீட்டும் பிள்ளைகள் என்றுதான் அதிகம் எடுத்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் தாய்மார்கள் வரமாட்டார்கள், கூட்டமே நடக்காது. ஆகவே என் கண்ணுக்கு அந்த மூலையும் மேடைதான்.

பில்சன் ஒரு காலத்தில் செக் குடியேறிகளின் பேட்டை. இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காக, 60களில் பக்கத்துப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மெக்சிகக் குடும்பங்கள் பலவும் இங்கே வந்து சேர்ந்தன. 1973இல் இங்குள்ள பெண்கள் தொடங்கிய 'முஹேரெஸ் லத்தினாஸ் என் அக்சியோன்' (செயலில் லத்தீனப் பெண்கள்) என்ற அமைப்பு இன்றும் இயங்குகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணை நிற்பது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. மெக்சிகோவின் மான்டெரேயில் பிறந்து பில்சனில் வளர்ந்த டயானா சோலிஸ், இந்தப் பகுதியின் பெண்களை 70களிலிருந்தே படமெடுத்தவர். வெளியிலிருந்து வந்த என்னைப் போன்றவர்கள் அவருடைய படங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவற்றில் இருப்பவர்கள் தோழிகள், அக்கம்பக்கத்தார். பரிதாபத்துக்கான ஆட்கள் அல்லர்.

நிதி தருகிறவர்களுக்கோ அழும் முகம் வேண்டும். அறிக்கைக்காக அப்படிக் கேட்ட ஒரு நிறுவனத்துக்கு நான் மறுத்துவிட்டேன். கணவனிடமிருந்து தப்பி வந்தவளின் முகம் வெளியானால் அவள் உயிருக்கே ஆபத்து. முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. பில்சனின் பதினெட்டாம் தெருச் சுவரோவியங்கள் ஊரறிந்தவை. சன்னல் வழியே ஒரு துண்டு ஓவியம் தெரிந்தாலே எந்த முனை என்று உள்ளூர்க்காரர் சொல்லிவிடுவார். அதனால் ஆளைப் பார்ப்பதற்கு முன் பின்னணியைப் பார்க்கிறேன். மேல்சட்டையில் தைத்த வேலையிடப் பெயர், கதவெண், காரின் நம்பர் பிளேட் எல்லாமே காட்டிக்கொடுக்கும்.

அச்சிட்ட படங்களை அடுத்த கூட்டத்தில் மேசைமேல் பரப்பிவிடுவேன். வேண்டாதவற்றை அவர்களே எடுத்துப் போகலாம், காரணம் கேட்பதில்லை. நல்ல படங்கள் பல அப்படிப் போயிருக்கின்றன, வருத்தமில்லை. மிஞ்சியவற்றின் பின்பக்கம் யார் யார், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதித் தருவார்கள். பெயர் வெளியே போகக் கூடாதென்றால் அதையும் அங்கேயே எழுதுவார்கள். அதன் பிறகுதான் அறிக்கைக்கு எது, சுவரில் மாட்ட எது என்ற பேச்சு.