கை ஆடாமல் க்ளிக் செய்யப் பழகுகிறேன்

மங்கலாக வந்த படங்களை அழிக்காமல் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியில் நான் செய்த முதல் வேலை. ஃபோகஸ் தவறியிருந்தால், ஒளிப் புள்ளிகள் வட்டமாகப் பரவியிருக்கும். பெரும்பாலும் படத்தில் வேறு ஏதாவது ஒரு இடம் பளிச்சென்று இருக்கும். எதிரே இருப்பவர் அசைந்திருந்தால் அவர் மட்டும் கலங்கியிருப்பார், பின்னால் உள்ள சுவர் தெளிவாக இருக்கும். கேமராவே ஆடியிருந்தால் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டு, புள்ளிகள் கோடாகியிருக்கும். என்னுடைய படங்களில் முக்கால்வாசி இந்தக் கடைசி ரகம். சரி, முக்காலி வாங்குவதற்கு முன் கையைப் பழக்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

கை எப்படி ஆடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி கிடைத்தது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் சார்ஜரின் குட்டி விளக்கு மட்டும் தெரியும்படி வைத்தேன். 50 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/4 நொடி. படத்தைப் பெரிதாக்கினால், அந்தப் புள்ளி கை போன வழியெல்லாம் கோடு போட்டு வைத்திருக்கிறது! முதலில் நேராக மேலும் கீழுமாக ஒரு இழுப்பு, அதற்கப்புறம் மெல்லிய நெளிவு. எத்தனை முறை எடுத்தாலும் அந்த முதல் இழுப்பு இருந்தது. பட்டனை அழுத்தும் விரல் கேமராவின் ஒரு ஓரத்தை அமுக்கிவிடுவதால் வருவது அது. தொடர்ச்சியாக நாலைந்து படங்கள் எடுக்கும்படி வைத்து, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபோது, இரண்டாவது மூன்றாவது படங்களில் அந்த இழுப்பு காணாமல் போய் நெளிவு மட்டும் மிஞ்சியது. கை நடுக்கத்தை விட விரல்தான் அதிகம் படுத்துகிறது என்பது எனக்குப் பெரிய செய்தி.

அதனால் முதல் பாடம் விரலுக்கு. பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்துகிறேன். ஃபோகஸ் ஆனதும் விரலைத் தூக்காமல், அதே இடத்தில் மெதுவாக உருட்டுவது போல மீதியையும் அழுத்துகிறேன். க்ளிக் சத்தம் கேட்ட பிறகும் விரல் ஒரு கணம் அங்கேயே இருக்க வேண்டும். உடனே விடுவித்தால் அந்த உதறலும் மெதுவான ஷட்டர் வேகத்தில் பதிவாகிவிடுகிறது.

பிடிக்கும் முறை: இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் தாங்கலாக, முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டி, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் புருவத்தில் அழுந்தியபடி. பின்திரையைப் பார்த்து கையை நீட்டி எடுக்கும்போது இந்த மூன்றாவது தாங்கல் போய்விடுகிறது. அப்போது கழுத்துப் பட்டை விறைப்பாகும் வரை கேமராவை முன்னால் தள்ளிப் பிடித்தால் ஓரளவு ஈடுகட்டலாம். மண்டியிட்டு எடுக்கும்போது முழங்கையின் எலும்பை முழங்கால் எலும்பின் மேல் வைத்தால் உருண்டுகொண்டே இருக்கும். எலும்புக்குச் சற்று மேலே, சதைப்பற்றான இடத்தை முழங்காலில் பதித்தால்தான் நிற்கிறது. மூச்சைப் பாதி விட்டு, அந்த இடைவெளியில் அழுத்துகிறேன். நெடுநேரம் மூச்சை அடக்கினால் நடுக்கம் கூடுகிறது.

கயிறு வித்தையும் செய்து பார்த்தேன். கேமராவின் அடியில் முக்காலி மாட்டும் துளை 1/4 அங்குலம். அதற்கு ஒரு திருகு, திருகில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையை மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். மேல்-கீழ் ஆட்டம் நன்றாகவே குறைந்தது, பக்கவாட்டு ஆட்டம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு தூண் இருந்தால் அதில் தோளைச் சாய்ப்பது இதைவிட மேல்.

ஷட்டர் வேகத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 50 மி.மீ. லென்ஸ் என்றால் குறைந்தது 1/50 நொடி. இது 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கான கணக்கு. என்னுடையது போல 1.5 மடங்கு க்ராப் உள்ள (அதாவது சென்சார் அந்த ஃபிலிமை விட அத்தனை மடங்கு சிறிய) கேமராவில் 50ஐ 1.5ஆல் பெருக்கி 75 என்று எடுத்துக்கொண்டு, 1/80 வைக்க வேண்டும். நடுக்கம் தடுக்கும் வசதி உள்ள லென்ஸ் இதை வெகுவாகத் தளர்த்துகிறது. ஒரு ஸ்டாப் என்றால் நேரம் இரு மடங்கு. மூன்று ஸ்டாப் ஈடுகட்டினால் 1/80க்குப் பதில் 1/10. லென்ஸைக் கழற்றி மாட்டும் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு இந்த வசதியோடு முதலில் வந்தது 1995இல் கேனானின் 75-300 மி.மீ. லென்ஸ். ஆனால் ஓடுகிற குழந்தையை எந்த லென்ஸாலும் நிறுத்த முடியாது, அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் தயங்காமல் ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) ஏற்றிவிடுங்கள் என்பேன். அதனால் புள்ளி புள்ளியாகும் படத்தைப் பிறகு ஓரளவு சுத்தம் செய்யலாம், ஆடிய படத்தை மீட்பது பெரும்பாடு.

இப்போதைய நிலவரம்: தடுப்பு வசதி இல்லாத 50 மி.மீ. லென்ஸில் 1/30 நொடி பெரும்பாலும் தெளிவாக வருகிறது. 1/15இல் தொடர்ச்சியாக எடுத்தால் நடுவில் ஒன்றாவது தேறுகிறது. 200 மி.மீ.இல் 1/320க்குக் கீழே போனால் இன்னும் ஆடத்தான் செய்கிறது. கேமராவின் கனத்தை விட லென்ஸின் முன்பக்கக் கனம் இழுக்கிறது என்று நினைக்கிறேன். இடது கையை லென்ஸின் முன்முனைக்குத் தள்ளிப் பிடித்து, அதே குட்டி விளக்கை வைத்து அடுத்த சுற்றைத் தொடங்கியிருக்கிறேன்.