கேமரா பை வாங்குமுன் தராசை எடுங்கள்

பை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். லிட்டர் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கேமரா அறை, லேப்டாப் அறை, துணி வைக்கும் மேல் அறை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. 30 லிட்டர் என்று எழுதியிருக்கும் பையில் கேமராவுக்குக் கிடைப்பது பாதி இடமாகக்கூட இருக்கலாம்.

அதற்குப் பதில், ஒரு நாள் வேலைக்கு எடுத்துப் போகும் பொருள்கள் அத்தனையையும் ஒரு பெட்ஷீட் மேல் பரப்பி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போடுங்கள். ஒரு கல்யாணத்துக்குப் போகிற சாதாரண செட்டையே எடுத்துக்கொள்வோம். சோனி ஏ7 ஃபோர் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, பேட்டரியோடு 658 கிராம். இரண்டு பாடி என்றால் 1.3 கிலோ. சோனியின் உயர்தர ஜிஎம் வரிசையின் இரண்டாம் தலைமுறை லென்ஸ்களில் 24-70 ஜிஎம் 695 கிராம், 70-200 ஜிஎம் 1,045 கிராம், 85 எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம். ஃபிளாஷ் ஒன்று ஏறக்குறைய அரைக் கிலோ. உபரி பேட்டரி மூன்றும் சேர்த்துக் கால் கிலோ. இதுவே 4.2 கிலோவைத் தொட்டுவிடும். லேப்டாப்பும் அதன் சார்ஜரும் 2 கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ, பையின் சொந்த எடை 1.8 கிலோ. மொத்தம் 9 கிலோ. எங்கே திறப்பது, எத்தனை பாக்கெட் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதல் கேள்வி, இந்த 9 கிலோவை உடம்பின் எந்த இடத்தில் ஏற்றப் போகிறீர்கள் என்பது.

ஒரு தோளில் மாட்டும் பை இரண்டரை, மூன்று கிலோ வரைக்கும் சரி. அதற்கு மேல் போனால் ஒரு பக்கம் கழுத்துத் தசை இழுத்துக்கொள்ளும், நடக்கும்போது உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். ஒரு பாடி, இரண்டு சின்ன லென்ஸோடு தெருவில் படம் எடுப்பவர்களுக்குத் தோள்பையை விடச் சௌகரியமானது வேறில்லை. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் 1973-ல் மீன்பிடிப்பவர்களுக்கான பையோடு தொடங்கிய கம்பெனி. பிறகுதான் போட்டோகிராபர்கள் அதைத் தேடி வந்தார்கள். கையை விட்டதும் பொருள் அகப்படுகிற அமைப்பு அந்த வகைப் பைகளின் பலம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பருத்திக் கேன்வாஸ் பையை ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் நம் ஊர் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும்.

ஐந்து கிலோவைத் தாண்டினால் முதுகுப்பைதான். அதிலும் இடுப்பு பெல்ட் உள்ள பையாகப் பாருங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பல கேமரா பைகளில் இடுப்பு பெல்ட் என்ற பெயரில் வருவது இரண்டரை சென்டிமீட்டர் நாடா. பை ஆடாமல் பிடிக்க அது உதவும், எடையைத் தாங்காது. எடையைத் தாங்கும் பெல்ட் உள்ளங்கை அகலமாவது இருக்கும், உள்ளே விறைப்பான ஃபோம் இருக்கும், இடுப்பெலும்பின் மேல் மேட்டில் உட்காரும். வயிற்றைச் சுற்றிக் கட்டினால் பயனில்லை, மூச்சுதான் முட்டும்.

பை உங்கள் முதுகுக்கு நீளம் பொருந்துமா என்று பார்க்க ஒரு டேப் போதும். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்புறம் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு தெரியும். அங்கிருந்து, இடுப்பெலும்பு மேட்டுக்கு நேராக முதுகெலும்பு வரும் இடம் வரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகு நீளம். பையில், தோள்பட்டி முதுகோடு சேரும் இடத்திலிருந்து இடுப்பு பெல்ட்டின் நடு வரை உள்ள தூரம் இதற்குப் பக்கத்தில் வர வேண்டும். பை குட்டையாக இருந்தால் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும், மொத்த எடையும் தோளுக்கு வந்துவிடும். உயரமானவர்கள் பலருக்குப் பை வலிக்கக் காரணம் இதுதான்.

மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்பு பெல்ட்டை இறுக்குங்கள். பிறகு தோள்பட்டிகளை, முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும். தோளுக்கு மேலே பையின் தலையை இழுத்துப் பிடிக்கும் சின்ன நாடா இருந்தால் அடுத்து அது. நெஞ்சுப் பட்டி கடைசி. தோள்பட்டியை முதலில் இறுக்கினால் பெல்ட் எங்கே உட்கார்ந்தாலும் வேலை செய்யாது.

கடைக்குப் போவதாக இருந்தால் உங்கள் சொந்தப் பொருள்களை எடுத்துப் போய், அடுக்கி, கால் மணி நேரம் நடந்து பாருங்கள். வெறும் பை எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் 5 கிலோ அரிசி மூட்டையைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, மாடிப்படி ஏறி இறங்குங்கள். எங்கே உறுத்துகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது உள்ளளவு. வெளியளவைப் பார்க்கவே வேண்டாம். நீளம், அகலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆழத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். நிக்கான் இசட்9 போன்ற பாடி 149 மில்லிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட அதே உயரம். உள்ளாழம் 13 சென்டிமீட்டர் உள்ள பையில் அதை வைத்தால் ஜிப் மூடும், ஆனால் ஒவ்வொரு முறையும் பட்டன்களை அழுத்தும். லேப்டாப் அறை அதற்கு நேர் பின்னால் இருந்தால் லேப்டாப்பின் திரைக்கும் ஆபத்து. பறவை எடுப்பவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும். சோனி 200-600 லென்ஸ் மட்டுமே 318 மில்லிமீட்டர். பாடியை மாட்டியபடி வைக்க 40 சென்டிமீட்டர் தடையில்லாத நடு அறை வேண்டும். லென்ஸின் முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பான ஹூட்டைத் திருப்பிப் போட்ட அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், வேடந்தாங்கல் போய் இறங்கிய பிறகு அது தெரிந்து பயனில்லை.

அறைகளைப் பிரிக்கும் டிவைடர்களை லென்ஸைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி மட்டும் விட்டு ஒட்டுங்கள். அடுக்கி முடித்ததும் பையைத் தூக்கி லேசாகக் குலுக்குங்கள். உள்ளே "டொக்" என்று கேட்டால் ஏதோ ஓர் அறை பெரிதாக இருக்கிறது. ஃபோமைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்: அடியில் உள்ள பலகையோ தரையோ விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த ஃபோம் அதிர்ச்சியைத் தாங்காது. அடிப்பாகத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கெட்டி ஃபோம் அவசியம். உட்புறத் துணி சாம்பல், ஆரஞ்சு போன்ற வெளிர் நிறமாக இருந்தால், மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்திலும் கறுப்பு லென்ஸ் மூடி கண்ணில் படும்.

திறக்கும் இடம் பற்றி என் கருத்து தெளிவானது: பேருந்திலும் மின்சார ரயிலிலும் போகிறவர்களுக்கு முதுகுப் பக்கம் திறக்கும் பைதான் நல்லது. மாட்டியிருக்கும்போது யாராலும் ஜிப்பைத் தொட முடியாது. வயல் வரப்பிலோ சேற்றிலோ பையை முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டுத் திறந்தாலும் முதுகில் படும் பக்கம் சுத்தமாக இருக்கும். பக்கவாட்டில் திறக்கும் பை வேகமானது, ஒரு தோளைக் கழற்றிச் சுழற்றினால் கேமரா கையில். ஆனால் கேமரா தரையில் விழுந்து உடையும் ஆபத்தும் அந்த வழியில் உண்டு. அவசரத்தில் ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிறகு பையைத் தூக்கி மாட்டும்போது பாடி நழுவிவிடும். அந்த வாய்க்குக் குறுக்கே ஒரு கிளிப் பட்டி இருக்கும் பையாகப் பாருங்கள். கிளிப்பைப் போடாமல் பையைத் தரையிலிருந்து எடுப்பதில்லை என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

பையில் முதலில் கெடுவது ஜிப். அதிலும் பற்கள் அல்ல, அவற்றைச் சேர்த்து மூட நாம் இழுக்கும் ரன்னர். தேய்ந்து வாய் விரிந்த ரன்னர் முன்னால் போகும், பின்னாலேயே ஜிப் பிளந்துகொண்டு வரும். பையையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பை தைக்கும் கடைகளில் ரன்னரை மட்டும் மாற்றித் தருவார்கள். பல ரன்னர்களின் முதுகில் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும், அது ஜிப்பின் அளவு. கேமரா அறைக்கு 8 அல்லது 10 வேண்டும், 5 சின்னப் பாக்கெட்டுக்குப் போதும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றே ஈரத் துணியால் ஜிப்பைத் துடையுங்கள். உப்பு காய்ந்தால் ரன்னரை அரித்துவிடும்.

பையைத் திருப்பித் தோள்பட்டி தொடங்கும் இடத்தின் தையலையும் பாருங்கள். சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டதுபோல் தைத்திருக்க வேண்டும், அல்லது நெருக்கமாகக் குறுக்குத் தையல் ஓட்டியிருக்க வேண்டும். ஒற்றைக் கோடாக ஓடும் தையல் முதலில் பிரியும். மேல் கைப்பிடிக்கும் இதே சோதனைதான், ஏனென்றால் வண்டியிலிருந்து பையை இறக்கும்போது முழு எடையும் அதில்தான் தொங்குகிறது.

மழை விஷயத்தில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்பதை நம்பி வடகிழக்குப் பருவமழையில் இறங்காதீர்கள். பையோடு வரும் மழையுறை வெளிப்பக்கத்தை மட்டும் மூடும். பைக்கில் போகும்போது முதுகுக்கும் பைக்கும் நடுவே வழியும் தண்ணீர் நேராகத் தோள்பட்டித் தையல் வழியாக உள்ளே போகும், காற்று வேகத்தில் உறையும் கழன்றுவிடும். பாடியையும் லென்ஸையும், வாயைச் சுருட்டி மூடும், நீர் புகாத ட்ரை பேக்கில் போட்டு உள்ளே வைப்பதே நிச்சயமான வழி. இரண்டு கிலோ லென்ஸைப் பாடியில் மாட்டியபடி பைக்கில் கொண்டு போகவும் வேண்டாம். குழிகளில் வரும் ஒவ்வொரு அடியும் லென்ஸும் பாடியும் சேரும் மவுண்ட்டில் விழும்.

பையின் உட்புறம் சில வருடங்களில் பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். துணிக்கு நீர் தடுக்கப் பூசிய பாலியூரித்தேன் ஈரக் காற்றில் சிதைவதால் வருவது அது. பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டால் இன்னும் சீக்கிரம் வரும். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது: பயணம் முடிந்ததும் கேமராவைப் பையை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உள்ளே இருட்டு, காற்றோட்டம் கிடையாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸில் ஃபங்கஸ் வளரத் தொடங்கும், சென்னையிலும் மற்ற கடலோர ஊர்களிலும் அது சாதாரண நாள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். டிவைடர்களைக் கழற்றிப் பையை ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு திறந்து போட வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் பை உதவும்: மூடிய பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டால் கண்ணாடியில் நீர் படியாது.

விமானத்தில் போவதாக இருந்தால், உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோதான். மேலே போட்ட 9 கிலோ கணக்கு அங்கே உதைக்கும். உபரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, முனைகளில் டேப் ஒட்டிக் கையோடு எடுத்துப் போக வேண்டும். கேமரா ஸ்டாண்டும் சார்ஜரும் செக்-இன் பெட்டிக்குப் போகலாம். தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் என்ற சின்ன ப்ரொபெல்லர் விமானத்தில் தலைக்கு மேல் உள்ள அறை சின்னது. பெரிய பையை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிட வாய்ப்புண்டு. அந்த நேரத்தில் கேமரா அறையை மட்டும் தனியாக உருவி எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்படியான பை கையில் இருந்தால் பதற வேண்டியிருக்காது.