அடைக்கோழியும் நாற்பது வாட் பல்பும்

எங்கள் வீட்டுக் கோழிகள் ஆறும் கிராமப்பிரியா. முட்டையிடுவதில் ஒரு குறையும் வைக்காது. ஆனால் இட்ட முட்டையைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அந்த இனத்துக்கு அநேகமாகக் கிடையாது. இட்டதும் கொக்கரித்து ஊரைக் கூட்டிவிட்டு, குப்பைமேட்டுக்குப் போய்விடும். குஞ்சு வேண்டுமென்றால் நான்தான் அடைகாக்க வேண்டும் என்ற நிலை.

சிறிய இன்குபேட்டர் 5,000 ரூபாய் என்றார்கள். கோழி வளர்ப்பதே சிக்கனத்துக்காக, அதற்கு ஐயாயிரமா? மீன் கடையில் 80 ரூபாய்க்கு ஒரு பழைய தெர்மோகோல் பெட்டியை வாங்கி வந்தேன். மூன்று முறை கழுவினேன், வெயிலில் காயவைத்தேன். எனக்கு வாடை போய்விட்டது. தெருப் பூனைக்குப் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெட்டிக்குள் ஒரு பல்பை மாட்டி, ஒரு மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தேன். மார்கழிக் காலைபோல் சில்லென்றிருந்தது. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், ஒரு முட்டையைக் காய்ச்சும் அளவுக்குச் சூடு தராது என்ற அறிவியல் அன்றுதான் உறைத்தது. பழைய குண்டு பல்பு தேடி நான்கு கடை ஏறினேன். ஐந்தாவது கடைக்காரர் பரணிலிருந்து ஒரே ஒரு நாற்பது வாட் பல்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார், ஏதோ குடும்பச் சொத்தைப் பிரிவது போல.

உள்ளே 37.5 டிகிரி நிலையாக இருக்க வேண்டும். பாரன்ஹீட்டில் 99.5. அதாவது பெட்டிக்கு 21 நாள் லேசான காய்ச்சல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல்தானே என்று பிள்ளையின் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். அது ஒருமுறை கூவிவிட்டு, எட்டிய எண்ணிலேயே நின்றுவிட்டது. கடைசியில், சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரியவைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பதினெட்டு முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். நாளுக்கு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். மைத்துனி மகளின் காதுகுத்தில் பந்தி முடிவதற்குள் எழுந்து வந்தேன். "எங்கே போகிறார்?" என்று கேட்டவர்களிடம் என் மனைவி என்ன சொன்னார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் டார்ச்சின்மேல் வைத்துப் பார்த்தோம். கரு பிடித்திருந்தால் சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்புகள் தெரியும். பதினொன்றில் தெரிந்தது. "ஏழு கூமுட்டை" என்றேன். "பெட்டிக்கு வெளியே இருப்பதையும் சேர்த்தால் எட்டு" என்றார் மனைவி.

பன்னிரண்டாம் நாள் காலை 9 மணி முதல் 2 மணி வரை பராமரிப்புக்காக மின்தடை. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்; நான்தான் பார்க்கவில்லை. நான்கு பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி உள்ளே அடுக்கினேன். 39 டிகிரிக்கு ஏறியது. கரு குளிரைக்கூடக் கொஞ்சம் தாங்கும், அதிகச் சூட்டைத் தாங்காது. அலறியடித்து மூடியைத் திறந்தேன். 34. மூடினேன். இப்படியே ஐந்து மணி நேரம். வேடிக்கை பார்க்க வந்த அப்பத்தா கேட்டது ஒரே கேள்வி: "உள்ளே கரித்துண்டு போட்டாயா?"

எங்கள் பக்கம் அடை வைக்கும் கூடையில் கரித்துண்டும் வற்றல் மிளகாயும் ஓர் இரும்புத் துண்டும் போடுவார்கள். இடி இடித்தால் முட்டை கெடாதாம். நான் தெர்மோஸ்டாட்டைக் காட்டினேன். "அது இருக்கட்டும், கரித்துண்டு?" என்றார் மறுபடியும்.

மின்சாரம் வந்தது. மறுநாள் பூனையும் வந்தது. மீன் வாடை ஒருபுறம், இளஞ்சூடு மறுபுறம். இதைவிட நல்ல மெத்தை எங்கே கிடைக்கும்? மூடியின்மேல் சுருண்டு படுத்து, நடுவில் ஒரு பள்ளமே விழவைத்துவிட்டது. விரட்டினால் போகும், திரும்பினால் இருக்கும். பள்ளத்தைத் துணி வைத்து அடைத்து நாட்களை ஓட்டினேன்.

பதினெட்டாம் நாள் நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் பெட்டி இருட்டாக இருந்தது. குடும்பச் சொத்து பியூஸ் போயிருந்தது. அந்த நேரத்தில் எந்தக் கடைக்காரரின் பரணை ஏறுவது?

அப்பத்தாவிடம் சிறுவிடை என்கிற நாட்டுக் கோழி ஒன்று உண்டு. ஒரு வாரமாக வெறும் கூடையில் அடை உட்கார்ந்திருந்தது. அடை தெளியட்டும் என்று அவரும் தினம் ஒருமுறை அதைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். அது ஈரத்தை உதறிவிட்டு மறுபடி கூடையில் ஏறிக்கொண்டிருந்தது. பதினொரு முட்டைகளையும் இட்லி வைக்கும் ஹாட்பேக்கில் துண்டு சுற்றி அடுக்கி, அடுத்த தெருவுக்கு ஓடினேன். அப்பத்தா ஏதும் கேட்கவில்லை. இருட்டிலேயே கோழியின் வயிற்றுக்கடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். அது ஒரு முறை உறுமிவிட்டு, அலகால் இரண்டை இழுத்து உள்ளே சரிசெய்துகொண்டது. தெர்மோஸ்டாட் இல்லை, கிண்ணம் இல்லை, பெருக்கல் குறியைப் படிக்கவும் அதற்குத் தெரியாது.

இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சுகள்.

கூடையோடு தூக்கப் போனேன். அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டார். "கோழி என்னுடையது. பங்குக் கணக்கில் பாதி எனக்கு. மூன்று மாதம் போகட்டும் ராசா, பருந்துக்கும் கீரிக்கும் போக மிஞ்சியதில் பாதியை எடுத்துக்கொள்." எதிர்த்துப் பேச என்னிடம் ஒரு நியாயமும் இல்லை.

அந்த முறை மின்கணக்கில் 503 யூனிட் வந்தது. ஐந்நூறைத் தாண்டினால் கீழே ஓடிய சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். பல்பு தின்றது பத்து யூனிட்டுதான் இருக்கும். அட்டையை மனைவி பேசாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

பெட்டியைக் கொல்லையில் போட்டிருந்தேன். போன வாரம் உள்ளேயிருந்து கீச்சுக் குரல் கேட்டது. பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது. செய்தி கேட்டு அப்பத்தா வந்தார், குனிந்து பார்த்தார், மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.