இரண்டாவது ரீடிங்

ரிப்போர்ட்டில் நான் எழுதியது 4.8 சதவீதம் இரும்பு. உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்கும் பிஎம்ஐ கன் காட்டியதைத்தான் எழுதினேன், பொய் இல்லை. ஆனால் பத்து நிமிடம் முன்பு அதே கன் அதே இடத்தில் 5.4 காட்டியிருந்தது. அதை நான் எங்கும் எழுதவில்லை.

எண்ணெய்க் கிணற்று வால்வ் பாடியின் உள்துளையில் இன்கோனல் 625 ஓவர்லே, அதாவது வெல்டிங்கால் போட்ட நிக்கல் அலாய் மேலுறை. அடியில் 4130 ஸ்டீல். கிணற்றிலிருந்து வரும் உப்புத்தண்ணீரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அந்த ஸ்டீலைத் தொடவிடாமல் காப்பது மூன்று மில்லிமீட்டர் நிக்கல் அலாய்தான். கஸ்டமர் கேட்டது எண்ணெய்க் கிணற்றுச் சாதனங்களுக்கான ஏபிஐ 6ஏ தரநிலையின் எஃப்இ5, அதாவது மேற்பரப்பில் இரும்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வெல்டிங் கம்பியில் இரும்பு குறைவுதான். ஆர்க் அடிக்கும்போது அடி ஸ்டீல் உருகி மேலே கலந்துவிடும். முதல் லேயரில் அது அதிகம், இரண்டாவதில் குறையும்.

வெல்டிங் போட்ட அண்ணன் பக்கத்தில் நின்றார். சிங்கப்பூரில் துவாஸுக்கு நான் வந்த புதிதில் பட்டறை வேலையை எனக்குப் புரியவைத்தவர். 5.4-ஐப் பார்த்துவிட்டு, “தம்பி, நல்லா துடைச்சுட்டு இன்னொரு தரம் அடிச்சுப் பாருங்களேன்” என்றார். கெஞ்சவில்லை, முகம்கூட மாறவில்லை. அவர் சொன்னது முறையும்கூட. சாதா ஸ்டீல் பிரஷ் பட்டிருந்தாலோ கிரைண்டிங் தூசி ஒட்டியிருந்தாலோ ரீடிங் ஏறத்தான் செய்யும். புது எமரி பேப்பரால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நேரத்தைக் கூட்டி வைத்து அளந்தேன். 4.8. சரி என்று எழுதிவிட்டேன்.

முதலிலேயே 4.8 வந்திருந்தால் எமரி பேப்பரை எடுத்திருப்பேனா? மற்ற ஏழு இடங்களில் எடுக்கவில்லையே. ரீடிங் தோற்ற இடத்தில் மட்டும் அழுக்கின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அதுதான் உறுத்துகிறது.

அந்த இடம் துளையின் அடிப்பக்கம். மெஷினிங்கில் சென்டர் கொஞ்சம் விலகியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் அதிகமாக வெட்டியிருக்கும், முதல் லேயருக்குப் பக்கத்தில் போயிருக்கும். அப்படியானால் 5.4 தூசியால் வந்ததல்ல. இன்கோனலைக் காந்தம் பிடிக்காது, ஸ்டீலைப் பிடிக்கும். காந்தத்தில் வேலை செய்யும் திக்னெஸ் கேஜ் இருந்தால் அங்கே ஓவர்லே எவ்வளவு மிச்சம் என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். கேஜ் என் அலமாரியில்தான் இருந்தது.

ரிஜெக்ட் செய்திருந்தால் மறுபடி ப்ரீஹீட், இன்னொரு லேயர், மறுபடி ஹீட் ட்ரீட்மெண்ட், மறுபடி மெஷினிங். எந்த வெல்டை யார் போட்டது என்று காட்டும் வெல்ட் மேப்பில் இருப்பது அண்ணனின் நம்பர். அவருடைய வொர்க் பெர்மிட் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது அதை நினைக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. பத்து சதவீதம் வரை ஏற்கும் கஸ்டமர்களும் உண்டு, 5.4-ஆல் ஒன்றும் ஆகிவிடாது என்றும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இவர்கள் கேட்டது ஐந்து.

அதற்குப் பிறகு இரண்டு ரீடிங் எடுத்தால் இரண்டையும் எழுதுகிறேன், ஏன் துடைத்தேன் என்பதையும் சேர்த்து. அந்த வால்வுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். தீபாவளிக்குப் போன் செய்தபோது, அன்று கையிலிருந்த பிரஷ் ஸ்டெயின்லெஸ்ஸா சாதாவா என்று கேட்க வாயெடுத்தேன். மகளின் காலேஜ் அட்மிஷன் பற்றி அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.