மரம் மூடிய உச்சிகளுக்கு ஒருநாள் ஏற்றம்: கணக்கை வீட்டிலேயே போடுங்கள்

மொட்டை மலையில் பாதி வேலையைக் கண்ணே பார்த்துக்கொள்ளும். உச்சி எது, வந்த வழி எது, மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது என்பதெல்லாம் நின்ற இடத்திலிருந்தே தெரியும். காட்டு மலையில் அடுத்த வளைவுகூடத் தெரியாது. அதனால் அங்கே பார்க்க முடியாததை எல்லாம் கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

எல்லோரும் முதலில் கேட்பது உச்சியின் உயரத்தை. திரும்பி வந்தபின் சொல்லிக்கொள்ள அந்த எண் நன்றாக இருக்கும். ஆனால் காலுக்குத் தெரிந்ததெல்லாம் மொத்த ஏற்றம் மட்டும்தான். ஓர் உதாரணம்: 620 மீட்டரில் கிளம்புகிறீர்கள். முதல் உச்சி 1,180. அங்கிருந்து 960-க்கு இறங்கி, 1,240 மீட்டர் உள்ள இரண்டாம் உச்சிக்கு ஏறுகிறீர்கள். வந்த வழியே திரும்புகிறீர்கள். அடிவாரத்துக்கும் பெரிய உச்சிக்கும் வித்தியாசம் 620 மீட்டர்தான். ஏறுவதோ 560, 280, திரும்பும்போது முதல் உச்சிக்கு மறுபடி 220, ஆக 1,060 மீட்டர். பலர் மறப்பது அந்தக் கடைசி 220-ஐத்தான். கால் ஓய்ந்த நேரத்தில் வரும் ஏற்றம் அது. முதல் உச்சியின் இடுப்பைச் சுற்றிப்போகும் பக்கப்பாதை வரைபடத்தில் இருந்தால், திரும்புவதற்கு அதைக் குறித்துவையுங்கள்.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதியே இன்னும் போதும். மெட்ரிக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மேலே சொன்ன வழி போக வர 13 கிலோமீட்டர் என்றால் 2 மணி 36 நிமிடமும் 1 மணி 46 நிமிடமும் சேர்ந்து 4 மணி 22 நிமிடம். அது நல்ல பாதையில், நல்ல கால் உள்ளவருக்கு, ஓய்வே இல்லாமல். வேரும் கல்லும் நிறைந்த காட்டுப் பாதைக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்: ஏறக்குறைய 5 மணி 50 நிமிடம். சாப்பாடு, ஓய்வு சேர்த்தால் ஏழு மணி நேரத்தை நெருங்கிவிடும். குழுவாகப் போனால் இந்தக் கணக்கு மிக மெதுவாக நடப்பவருக்கானது. சராசரி வேகத்துக்கானது அல்ல.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். சூரியன் மறைவது 6 மணி என்றால் அடர்ந்த மரத்தடியில் 5.30-க்கே பாதை மங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் கையிருப்பாக வைத்து 4 மணிக்கு அடிவாரம் என்று வையுங்கள். திரும்புவதற்கு 3 மணி நேரம். ஆக எங்கே இருந்தாலும் பகல் 1 மணிக்குத் திரும்பியாக வேண்டும். காலை 8 மணிக்காவது நடக்க ஆரம்பித்தால்தான் இது நடக்கும். “இன்னும் பத்தே நிமிஷம்தான்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். காட்டில் உச்சி போலத் தெரியும் மேடெல்லாம் உச்சி அல்ல. சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரைந்த படத்தில், 15 மீட்டர் மேடு கண்ணில் படாமலே போகக்கூடும்.

வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது முகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போகும். எதைப் பிடித்தாலும் மேலேதான் கொண்டுபோய் விடும். இறங்கும்போது அதே முகடுகள் பிரியும். ஒரு கிளை மாறினால் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். ஆகவே ஏறும்போதே ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பிப் பார்த்து, இறங்கும் கோணத்திலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னலைத் தேடித்தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். அடர்ந்த மரத்தடியிலும் செங்குத்துச் சரிவிலும் ஜிபிஎஸ் புள்ளி தடுமாறும். அது பாதையை விட்டுச் சற்று விலகிக் காட்டினால் உடனே புதருக்குள் இறங்காதீர்கள்.

ஈரமான வேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல்தோல் தேய்ந்து, பாதைக்குக் குறுக்கே சரிவாகக் கிடக்கும் வழவழப்பான வேர்தான் ஆபத்து. எவ்வளவு நல்ல ஷூவும் அதில் பிடிக்காது. வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி, அதற்கு அப்பால் உள்ள மண்ணில் பாதம் முழுவதும் படும்படி வையுங்கள். சருகு மூடிய இடத்தில் கோலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் பாதம் முன்னால் சரிந்து, நகம் கருத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், அதாவது சுமார் 3 லிட்டர், 3 கிலோ. ஓடைகள் பள்ளத்தில்தான் ஓடும். முகட்டுக்கு வந்தபின் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். உச்சியில் காற்றில் உட்காரும்போது அதுதான் நடுக்கும். மாற்றுச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. நெற்றியில் கட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று. குழுவுக்கு ஒன்று என்றால் விளக்கு பிடிப்பவருக்கு மட்டும்தான் வழி தெரியும்.

பையின் தோள்பட்டையில் ஒரு விசில் கட்டிவையுங்கள். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஊரில் இருக்கும் ஒருவரிடம் போகும் வழியையும் இரண்டு நேரங்களையும் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு அடிவாரத்திலிருந்து கூப்பிடுவீர்கள், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் அவர் உதவி கேட்க வேண்டும்.